சீமோனுக்குக் கூலி எவ்வளவு?



இந்த உரையை நாங்கள் மூன்று பேர் சேர்ந்து எழுதினோம். மூவரும் ஒரே தெரு. மூவருக்கும் எழுத்து சொல்லிக்கொடுத்தது, இங்கே படமாக இருக்கிற அண்ணன் நடத்திய இரவுப் பள்ளி. அதனால் வாசிப்பவர் ஒருவராக இருந்தாலும் பேசுவது நாங்கள் என்று கொள்ளுங்கள். அண்ணனைப் புகழ்ந்து பேசினால் அவருக்குப் பிடிக்காது. "விஷயத்துக்கு வாங்கடா" என்பார். அவர் தொடங்கிவைத்த ஒரு சண்டையைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறோம்.

எங்கள் ஊரில் தவக்காலம் முடிந்ததும் பாஸ்கா நாடகம் போடுவார்கள். இயேசு, மாதா, பிலாத்து, கைப்பா என்று எல்லா வேடங்களும் ஊர்த்தெருக் குடும்பங்களுக்கு வழிவழியாக வருபவை. அப்பா ஆடிய வேடத்தை மகன் ஆடுவான். பந்தல் போடுவது, மரம் இழுப்பது, பெட்ரோமாக்ஸ் தூக்குவது எங்கள் தெரு. ஒரே ஒரு வேடம் மட்டும் எங்களுக்கு வரும்: சீரேனே ஊர்ச் சீமோன். வழியில் போனவனைப் பிடித்து இழுத்து இயேசுவின் சிலுவையைச் சுமக்கவைத்தார்களே, அந்த ஆள். சீமோனுக்கு வசனம் கிடையாது. நற்செய்தியிலும் அவன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. எங்கள் தாத்தாக்கள் ஆண்டுக்கு ஒருவராக ஊமையாக வந்து, சுமந்து, ஊமையாகவே போனார்கள்.

அண்ணனுக்கு இருபது வயது இருக்கும்போது அந்த முறை வந்தது. படைவீரன் வேடக்காரர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஏய், தூக்குடா இதை" என்றார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "தூக்குறேன் சாமி, கூலி எவ்வளவு?" என்று கேட்டார்.

தரையில் உட்கார்ந்திருந்த எங்கள் தெரு சிரித்து உருண்டது. நாற்காலிப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு எங்கள் ஆட்களும் அந்தப் பக்கத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். மறுநாள் கோயில் வளாகத்துக்கு அழைத்து அபராதம் போட்டார்கள். அப்போதிருந்த பங்குச்சாமி கோபப்படவில்லை, வருத்தப்பட்டார். "தம்பி, துன்பத்தை ஏற்றுக்கொள்வதுதான் சீடத்துவம். கிறிஸ்து கூலி கேட்டாரா?" என்றார்.

அபராதத்தைக் கட்டிவிட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி முடியவில்லை. அண்ணன் வாழ்நாளெல்லாம் அதற்குத்தான் பதில் தேடினார் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. வேதாகமத்தில் பென்சில் கோடு போட்டுப் போட்டு அவர் பிரதி பிய்ந்துபோயிருந்தது. நாங்கள் இன்று சொல்வதில் பாதி அந்தக் கோடுகளிலிருந்து எடுத்தது.

முதலில் சீமோனைப் பார்ப்போம். சீரேனே என்பது வட ஆப்பிரிக்காவில், இன்றைய லிபியாவில் இருந்த ஊர். நாட்டுப்புறத்திலிருந்து எருசலேமுக்குள் வந்துகொண்டிருந்தவனை ரோமப் படை பிடித்துக்கொண்டது. அந்த இடத்தில் மாற்கு எழுதும் கிரேக்கச் சொல் அங்கரெயுவோ. அது பாரசீகத்திலிருந்து வந்த சொல். அரசுத் தபால்காரர்கள் வழியில் அகப்பட்ட மாட்டையும் மனிதனையும் பிடித்து வேலை வாங்கலாம் என்ற வழக்கத்தின் பெயர். ரோமர்கள் அந்த வழக்கத்தை வைத்துக்கொண்டார்கள். நம் தமிழ் வேதாகமங்கள் இதைப் பலவந்தம் என்றும் கட்டாயம் என்றும் மொழிபெயர்க்கின்றன. வெட்டி என்று போட்டிருந்தால் எங்கள் தாத்தாக்களுக்கு ஒரே சொல்லில் விளங்கியிருக்கும். கூலியில்லாமல் வாங்கும் உழைப்புக்கு நம் சோழர் காலக் கல்வெட்டுகளில் உள்ள பெயர் வெட்டி. அந்தச் சொல்தான் சுடுகாட்டு வேலைக்கு விதிக்கப்பட்டவனின் பெயரிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆக, பாஸ்காவில் எங்களுக்கு வேடமே கொடுக்கவில்லை. பகலில் செய்ததையே இரவிலும் செய்தோம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். என் பின்னே வர விரும்புகிறவன் தன் சிலுவையைத் தூக்கிக்கொண்டு வரட்டும் என்று இயேசு சீடர்களிடம் சொல்கிறார். எங்கே போனாலும் வருவேன், சாகவும் தயார் என்று ஒரு சீமோன் சத்தியம் பண்ணுகிறான். பேதுரு என்ற சீமோன். சிலுவை வந்த நாளில் அவனைக் காணோம். அன்று உண்மையிலேயே சிலுவையைத் தோளில் வைத்து இயேசுவுக்குப் பின்னால் நடந்தவன் இந்த இரண்டாவது சீமோன். லூக்கா அதைக் குறிப்பாகவே சொல்கிறார், இயேசுவுக்குப் பின்னால் என்று. சீடத்துவத்தின் இலக்கணத்தை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியவன் அவன் ஒருவன்தான். ஆனால் அவனை யாரும் சீடனாக அழைக்கவில்லை, அவனாகவும் விரும்பி வரவில்லை, பிடித்துவந்து சுமக்கவைத்தார்கள்.

அப்படியானால் சுமப்பது மட்டும் சீடத்துவம் ஆகாது. சுமப்பதுதான் சீடத்துவம் என்றால் இந்த நாட்டில் நம் மக்களைவிடப் பெரிய சீடர்கள் யாரும் இல்லை. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பிருந்தே நாம் சீடர்கள்.

பங்குச்சாமி சொன்னதற்கு வேதத்தில் ஆதாரம் இல்லாமல் இல்லை. பேதுருவின் பெயரிலுள்ள முதல் கடிதம், இரண்டாம் அதிகாரம். கிறிஸ்து உங்களுக்காகப் பாடுபட்டார், தம் அடிச்சுவட்டில் நீங்கள் நடக்கும்படி ஒரு மாதிரியை விட்டுச்சென்றார் என்ற கருத்து அங்கேதான் வருகிறது. பெரிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கங்களில் நூறு முறை கேட்டிருக்கிறோம். அது யாரை நோக்கி எழுதப்பட்டது என்பதை மட்டும் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. இரண்டு மூன்று வசனம் மேலே போனால் இருக்கிறது: வீட்டு அடிமைகளை நோக்கி. நல்ல எசமானுக்கு மட்டுமல்ல, கொடிய எசமானுக்கும் அடங்கியிருங்கள் என்று தொடங்கித்தான் கிறிஸ்துவின் மாதிரிக்கு வருகிறார். பாடுபடும் மீட்பரைப் பின்பற்றும்படி சொல்லும் அந்தப் பகுதி அடிமையின் முதுகில் எழுதப்பட்டிருக்கிறது. எசமான் யாரைப் பின்பற்ற வேண்டும் என்று அங்கே ஒரு வரியும் இல்லை.

மாதிரி என்ற இடத்தில் உள்ள கிரேக்கச் சொல் ஹுப்போகிரம்மோஸ். வாத்தியார் எழுதிக்கொடுக்கும் எழுத்தின் மேலேயே பிள்ளை எழுதிப் பழகுவதற்குப் பெயர் அது. நாம் மணலில் விரல் வைத்து ஆனா எழுதிப் பழகினோமே, அதுதான். அழகான சொல். ஆனால் வாத்தியார் அந்த எழுத்தை எதற்காகப் போட்டார் என்று தெரியாமல் மேலே மேலே எழுதிக்கொண்டே இருந்தால் விரல்தான் தேயும்.

இந்தப் பகுதியைக் கேட்டுப் பழகிய இன்னொரு சமூகம் உண்டு. அமெரிக்கக் கறுப்பின இறையியலாளர் ஹோவர்ட் தர்மன், நம் காதில் தருமன் என்றே விழுகிற பெயர், 1949இல் எழுதிய ஒரு புத்தகத்தில் தன் பாட்டியைப் பற்றிச் சொல்கிறார். பாட்டி அடிமையாகப் பிறந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். பேரனை வேதம் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். சங்கீதம் வாசிக்கலாம், ஏசாயா வாசிக்கலாம், நற்செய்தி வாசிக்கலாம். பவுலின் கடிதங்கள் மட்டும் கூடாது. எப்போதாவது அன்பைப் பற்றிய அந்த ஒரு அதிகாரத்துக்கு அனுமதி உண்டு. பெரியவனான பிறகு பேரன் காரணம் கேட்டிருக்கிறார். அடிமைக் காலத்தில் எசமானின் பாதிரியார் வந்தால் அடிமைகளே கீழ்ப்படியுங்கள் என்ற இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் பிரசங்கிப்பார், விடுதலை வந்தால் அந்தப் பகுதியை வாசிக்கவே மாட்டேன் என்று அன்றே முடிவுசெய்தேன் என்றாராம் பாட்டி. படிக்கத் தெரியாத ஒரு கிழவி வேதாகமத்துக்கே கத்தரி போட்டிருக்கிறாள். இதைவிடப் பெரிய இறையியலை நாங்கள் எந்தக் கல்லூரியிலும் கேட்டதில்லை.

அதே தர்மன் 1935இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்தார். கொழும்பு சட்டக் கல்லூரியில் அவர் பேசி முடித்ததும் ஒருவர் கேட்டார்: உங்களைப் பிடித்து விற்றவர்கள் கிறிஸ்தவர்கள், மரத்தில் தொங்கவிட்டு எரிப்பவர்கள் கிறிஸ்தவர்கள், அப்புறம் எப்படி நீங்கள் கிறிஸ்தவராக இங்கே வந்து நிற்கிறீர்கள்? இந்தக் கேள்வி நம் கூட்டங்களிலும் எழுகிறது. இன்றும் எழும், எழட்டும். இங்குள்ள பௌத்தத் தோழர்கள் எங்களைப் பார்த்து, "இன்னும் அங்கேயே இருக்கீங்களா?" என்று கேட்பதும் அதுதான்.

அம்பேத்கர் இதை மிகக் கூர்மையாகக் கேட்டார். மதம் மாறிய தீண்டத்தகாதவரிடம் உன் வீழ்ச்சிக்கு உன் பாவம் காரணம் என்று சொல்லிக்கொடுத்தால் அவர் எப்படி எழுவார், உன்னைச் சூழ்ந்த அமைப்பு காரணம் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். நாங்கள் இதற்கு எதிர்வாதம் வைத்திருக்கவில்லை.

வைக்கவும் முடியாது. நம் தமிழ்த் திருச்சபைகளின் வரலாறு அப்படி. 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கடிதம் எழுதியபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கூட்டமாகச் சபையைவிட்டு வெளியேறினார்கள். திருவிருந்தில் ஒரே கிண்ணத்தில் குடிப்பது அவர்களுக்குப் பெரிய சிக்கலாக இருந்தது. கிறிஸ்துவின் இரத்தம் என்று நம்பியும் பறையன் உதடு பட்டதைத் தொட முடியவில்லை. வடக்கன்குளத்தில் வெள்ளாளருக்கும் நாடாருக்கும் தனித்தனிப் பகுதியாகக் கோயிலே கட்டினார்கள். பீடத்தில் மட்டும் இரண்டும் சேரும். நடுச்சுவர் 1910இல்தான் இடிந்தது. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் பிணங்களுக்கு நடுவே எழுப்பிய சுவர் எவ்வளவு காலம் போராட்டப் பொருளாக இருந்தது என்று உங்களில் பலருக்கு நேரடியாகவே தெரியும். 2008இல் ஏறையூரில் தனிப் பங்கு கேட்டது எப்படிக் கலவரமும் துப்பாக்கிச் சூடுமாக முடிந்தது என்பதும் தெரியும்.

அரசின் பங்கையும் சொல்லிவிடுவோம். 1950 ஆகஸ்ட் 10 ஆணை. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவைத் திறந்தவர்கள் கிறிஸ்தவத் தலித்துக்கும் முஸ்லிம் தலித்துக்கும் இன்னும் திறக்கவில்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தும் நடக்கவில்லை. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்கிறது அரசு. அதே கிறிஸ்தவத்துக்குள் கல்லறையில் சுவர். இருவரும் கூடி எங்களிடம் சொல்வது ஒன்றுதான்: பொறுத்துக்கொள், சிலுவையைச் சும.

சரி, பங்குச்சாமியின் கேள்விக்கு வருவோம். கிறிஸ்து கூலி கேட்டாரா?

அண்ணன் பென்சில் கோடு போட்ட முதல் இடம் யோவான் பதினெட்டாம் அதிகாரம். தலைமைக் குருவின் முன்னால் இயேசு நிற்கும்போது ஒரு காவலன் கன்னத்தில் அறைகிறான். மறுகன்னத்தைக் காட்டு என்று போதித்தவர் அந்த இடத்தில் மறுகன்னத்தைக் காட்டவில்லை. நான் தப்பாகப் பேசியிருந்தால் எது தப்பென்று சாட்சி சொல், சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்கிறார். கை கட்டப்பட்டிருக்கிறது, அடி விழுந்திருக்கிறது, அப்போதும் விசாரணைக்காரனை விசாரிக்கிறார். வாயில்லா ஆட்டுக்குட்டி என்று நமக்குக் காட்டப்பட்ட படத்தில் இந்தக் காட்சி கிடையாது. சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளிலும் இது கிடையாது. அங்கே மூன்று முறை விழுகிறார், ஒரு முறையும் கேட்பதில்லை.

அடுத்த கோடு திராட்சைத் தோட்டக் கதை. சாயங்காலம் வரை யாரும் வேலைக்குக் கூப்பிடாமல் நின்றவனுக்கும் முழு நாள் கூலி கொடுக்கச் சொன்ன கதை. அதற்குப் பக்கத்தில் அண்ணன் "நம்ம ஆள்" என்று எழுதியிருக்கிறார். மூன்றாவது, யாக்கோபின் கடிதம் ஐந்தாம் அதிகாரம்: அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது ஆண்டவர் காதுக்கு எட்டிவிட்டது என்கிற இடம். கூலி பேசாத வேதமா இது?

கிறிஸ்து பாடுகளைத் தேடிப் போனவரும் அல்லர். நாசரேத்தில் மலையுச்சியிலிருந்து தள்ளப் பார்த்தபோது நடுவில் புகுந்து நடந்துவிட்டார். கொல்லத் தேடியபோது ஒதுங்கி இருந்திருக்கிறார். கடைசி இரவில்கூட இந்தப் பாத்திரம் என்னைவிட்டுப் போகட்டும் என்று வேர்த்து மன்றாடினார். தீண்டத்தகாதவரைத் தொட்டது, சேர்ந்து உண்டது, ஆலயத்தில் மேசையைப் புரட்டியது எல்லாம் அவர் தேர்ந்தவை. அவற்றுக்குப் பதிலாக ரோம் கொடுத்ததுதான் சிலுவை. அடிமைக்கும் கலகக்காரனுக்கும் கொடுக்கிற தண்டனை அது. ஸ்பார்டகஸ் தலைமையில் எழுந்த அடிமைகளில் ஆறாயிரம் பேரை, கப்புவாவிலிருந்து ரோமுக்குப் போகும் சாலை நெடுக அறைந்துவைத்தார்கள். நகர வாசலுக்கு வெளியேதான் இயேசுவையும் கொண்டுபோனார்கள். ஊருக்கு வெளியே என்பது நமக்கு முகவரி. எபிரெயர் கடிதம் நாமும் வெளியே அவரிடம் போவோம் என்கிறது. நாங்கள் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறோம், வர வேண்டியவர்கள் ஊர்த்தெருவில் இருக்கிறார்கள்.

அர்விந்த் நிர்மல் எண்பதுகளில் தலித் இறையியல் என்று பெயர் சூட்டி இயேசுவையே தலித் என்று சொன்னபோது கிடைத்த பலம் இதுதான். நாங்கள் அவரிடம் கடன்பட்டவர்கள். ஆனால் ஒரு இடத்தில் தயங்குகிறோம். கடவுளும் நம்மைப்போல அடிபட்டார் என்பது ஆறுதல். ஆறுதலோடு நின்றுவிட்டால் அடிப்பவனுக்கு அதில் ஒரு தொந்தரவும் இல்லை. அவனே ஆண்டுதோறும் பாஸ்கா போட்டுக் கண்ணீர் விடுவான்.

மதுரை அரசரடியிலிருந்த தியாபிலஸ் அப்பாவு, நம்முடைய பரட்டை அண்ணன், அதனால்தான் சிலுவையைவிட உலையைப் பேசினார். எல்லோருக்கும் ஒரே உலையில் பொங்கி ஒன்றாகச் சாப்பிடுவதுதான் நற்கருணை. கோதுமை அப்பத்தில் ஒன்றாக இருந்துவிட்டு வீட்டுச் சோற்றில் பிரிந்து இருப்பது என்ன நற்கருணை? பறையையும் தெம்மாங்கையும் அவர் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தது ராகத்துக்காக மட்டும் இல்லை. பாமா கன்னியர் மடத்தைவிட்டு வெளியே வந்து 1992இல் ‘கருக்கு’ எழுதியதையும் நாங்கள் பின்பற்றுதல் என்றே வாசிக்கிறோம். உள்ளே இருப்பதுதான் கீழ்ப்படிதல் என்று சொன்னபோது அவர் வாசலுக்கு வெளியே நடந்தார்.

தானே தூக்கிய சிலுவைக்கு ஓர் உதாரணம் சொல்லச் சொன்னால் நாங்கள் மேலவளவு முருகேசனைச் சொல்வோம். அவர் எந்தக் கோயிலுக்குப் போனார் என்று கேட்க எங்களுக்கு அவசியம் வரவில்லை. தலைவர் பதவிக்கு நிற்காதே என்றார்கள், நின்றார். அலுவலகத்துக்குள் வராதே என்றார்கள், போனார். 1997 ஜூன் 30, மதுரையில் ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுத் திரும்பிய பேருந்தை மறித்து அவரையும் உடனிருந்தவர்களையும் வெட்டினார்கள். அவர் சாக விரும்பியவர் அல்லர், நாற்காலியில் உட்கார விரும்பியவர். அந்த ரத்தத்தைப் பொறுமைக்கு உதாரணமாக யாரும் பிரசங்கிக்க முடியாது.

இப்போது எங்களுக்கே சங்கடமான ஒன்று. இதை எழுதும்போது எங்களில் ஒருவருடைய தங்கை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும், "ஒரே உலைங்கிறீங்களே, அந்த உலைக்கு முன்னாடி உட்கார்ந்து ஊதுறது யாரு?" என்றார். அமெரிக்காவின் டெலோரஸ் வில்லியம்ஸ் 1993இல் இதையே கேட்டிருக்கிறார். பிறருக்குப் பதிலாகப் பாடுபடுவது புனிதம் என்று சொல்லிக்கொண்டே இருந்தால், பிறருக்குப் பதிலாக எப்போதும் பாடுபட்டுவந்த கறுப்பினப் பெண்களுக்கு அந்தச் சிலுவை என்ன செய்தி தரும் என்று. நம் இயக்கத்திலும் கூட்டம் முடிந்து ஆண்கள் அரசியல் பேசும்போது டம்ளர் கழுவுகிறவர்கள் யார் என்று பாருங்கள். ஊர்த்தெரு எங்களைச் சீமோனாக்கியது. நாங்கள் வீட்டுக்குள் ஒரு சீமோனை வைத்திருக்கிறோம், வசனமும் இல்லை, கூலியும் இல்லை. இந்த இடத்தில் எங்களிடம் பதில் இல்லை, தலைகுனிவுதான் இருக்கிறது. தங்கை இன்று கூட்டத்தில் இருக்கிறார். கேள்வி நேரத்தில் அவர் பேசுவார்.

அண்ணனுடைய அடக்கத்தைப் பற்றிச் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். எங்கள் தெருப் பிணம் கோயிலுக்குப் போகக் கொல்லைப் பக்கமாக ஒரு வண்டிப்பாதை உண்டு. ஊர்த்தெரு வழியாகப் போனதில்லை. அண்ணன் இறந்த அன்று, போலீசுக்கு மனு கொடுத்து, பேச்சுவார்த்தை நடந்து, மத்தியானம் ஆகிவிட்டது. கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர்த்தெருவுக்குள்ளேயே போனோம். சில கதவுகள் சாத்தியிருந்தன. ஒரு திண்ணையில் ஒரு பெரியவர் எழுந்து நின்றார், அந்தக் காலத்தில் படைவீரன் வேடம் போட்டவர். அவர் மரியாதைக்கு எழுந்தாரா, உள்ளே போக எழுந்தாரா, தெரியவில்லை. வெயில் அதிகம், பெட்டி கனம். நூறடிக்கு ஒருமுறை தோள் மாற்ற வேண்டியிருந்தது. மூன்றாவது மாற்றத்தில் அண்ணனுடைய மகள்கள் இருவரும் முன்னால் வந்து, "நாங்க தூக்குறோம், தள்ளுங்க" என்றார்கள். வழக்கம் இல்லையே என்று யாரோ இழுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் அதற்குள் தோளைக் கொடுத்துவிட்டார்கள்.